1952-ல் சென்னை சட்டமன்றத்தில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை: ராஜாஜி, பிரகாசம், காமராஜர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது தொங்கு சட்டமன்றம் அமைந்தால் உடனே யாராவது 1952-ஐ இழுத்து வருவார்கள். ஒரு தரப்பு "ராஜாஜி கொல்லைப்புற வழியாக வந்தார்" என்று சொல்லும், இன்னொரு தரப்பு "அவர் இல்லையென்றால் மாநிலமே கவிழ்ந்திருக்கும்" என்று சொல்லும், அதற்குள் காமராஜர் கதைக்குள் வந்துவிடுவார், பேச்சு திசை மாறிவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன். என் கருத்தை மறைக்கப் போவதில்லை.

முதலில் கணக்கு சொல்லுங்கள். யாருக்கு எத்தனை இடம்?

அன்றைய சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திராவின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் இருந்தன. மொத்தம் 375 இடங்கள், பெரும்பான்மைக்கு 188 வேண்டும். காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62, சுயேச்சைகளுக்கு இன்னொரு 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19, என்.ஜி. ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சிக்கு 15, சோஷலிஸ்டுகளுக்கு 13, காமன்வீல் கட்சிக்கு 6, முஸ்லிம் லீக்குக்கு 5. மிச்சம் சில்லறையாகச் சிதறியது.

பகுதிவாரியாகப் பார்த்தால்தான் இதன் முழு அர்த்தம் புரியும். காங்கிரஸ் வென்ற 152-ல் தமிழ்ப் பகுதியில் 96, ஆந்திரப் பகுதியில் 43, தென் கன்னடத்தில் 9, மலபாரில் வெறும் 4. தமிழ்ப் பகுதியின் 190 இடங்களில் பாதியை விட ஒன்று அதிகம், ஆந்திராவிலோ மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1954-ல் நடந்ததற்குக் காரணமே இந்த வித்தியாசம்தான்.

சுதந்திரம் வாங்கி ஐந்து வருடம் கூட ஆகவில்லை. காங்கிரஸ் ஏன் இப்படிச் சரிந்தது?

சோறு. முதல் காரணம் அதுதான். தானியத் தட்டுப்பாடு, ரேஷன், விவசாயியிடமிருந்து கட்டாயக் கொள்முதல், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நெல் கொண்டுபோகக் கட்டுப்பாடு என்று மக்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். இரண்டாவது, கட்சிக்குள் நடந்த சண்டை. 1946-லிருந்து 1949-க்குள் பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று மூன்று முதல்வர்களைப் பார்த்தாகிவிட்டது. 1951-ல் பிரகாசமும் ரங்காவும் காங்கிரஸை விட்டே போய்விட்டார்கள். மூன்றாவது, ஆந்திர மாநிலக் கோரிக்கையை இழுத்தடித்தது.

முதல்வர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பக்தவத்சலம் உட்பட இன்னும் சில அமைச்சர்களும் தோற்றார்கள். ஆக, சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லை என்பது பாதிப் பிரச்சினைதான். கட்சியை நடத்திச் செல்லத் தலைவரும் இல்லை.

எதிரணி 166 பேர் இருப்பதாகச் சொன்னதே, அவர்களை ஏன் ஆளுநர் அழைக்கவில்லை?

தேர்தலுக்குப் பிறகு கம்யூனிஸ்டுகள், பிரஜா கட்சி, இன்னும் சில சிறிய கட்சிகள், ஒரு கூட்டம் சுயேச்சைகள் எல்லாம் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றை அமைத்தார்கள். தலைவர் பிரகாசம். காங்கிரஸை விட 14 பேர் அதிகம், ஆனால் 188 அவர்களிடமும் இல்லை.

ஆளுநர் ஸ்ரீபிரகாசா செய்தது தவறு என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போவதில்லை. பல வருடம் கழித்து, 1988-ல் வந்த சர்க்காரியா குழு அறிக்கை ஒரு வரிசை சொல்கிறது: தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணி முதலில், அடுத்தது மற்றவர்களின் ஆதரவைக் காட்டும் தனிப்பெரும் கட்சி, அதற்குப் பிறகுதான் தேர்தல் முடிந்தபின் சேர்ந்த கூட்டணி. அந்த அளவுகோலை வைத்தால் காங்கிரஸை முதலில் அழைத்தது விபரீதமான காரியம் இல்லை. ஆனால் அழைப்பதற்கு முன் அந்த ஆதரவு எங்கே என்று ஆளுநர் கேட்டிருக்க வேண்டும், எதிரணிப் பட்டியலையும் வாங்கிப் பார்த்து வெளிப்படையாகக் காரணம் சொல்லியிருக்க வேண்டும். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது, ராஜாஜியே அதை ஒளித்துப் பேசியவர் இல்லை.

தேர்தலிலேயே நிற்காதவர் எப்படி முதல்வர் ஆனார்?

இதுதான் எனக்கு இன்றும் உறுத்தும் இடம்.

ராஜாஜிக்கு அப்போது 73 வயது. 1937 முதல் 39 வரை மாகாணப் பிரதமராக (இன்றைய முதல்வர் பதவி) இருந்தவர், கவர்னர் ஜெனரலாக இருந்தவர், மத்திய உள்துறை அமைச்சர் பதவியை 1951-ல் விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பி ஓய்வில் இருந்தார். காங்கிரஸில் இருந்த எல்லாக் கோஷ்டிக்கும் அவரை விட்டால் வேறு ஆள் தெரியவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக அவரோடு மல்லுக்கு நின்ற காமராஜர் கூட அந்த நேரத்தில் வழிவிட்டார், மனமில்லாமல்தான்.

சரி, அழைத்தார்கள். அவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட மறுத்தார். அதனால் ஆளுநர் அவரைச் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராக ஆக்கினார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகிய துறைகளில் அனுபவம் உள்ளவர்களுக்காக அரசியல் சட்டம் ஒதுக்கி வைத்த இடம் அது. அப்புறம் 1952 ஏப்ரல் 10-ம் தேதி முதல்வராகப் பதவியேற்றார்.

நியமனம் நேருவுக்கே பிடிக்கவில்லை. சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்ற கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி ஆனது. சட்டப்படி நின்றது என்பது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் நாடு நடத்திய முதல் பொதுத்தேர்தல் அது. கோடிக்கணக்கான பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு முடித்த சில வாரங்களில், ஒரு ஓட்டுக் கூட கேட்காதவரை ஆட்சியில் உட்கார வைப்பது அந்த மக்களுக்குத் தரும் மரியாதை இல்லை. அமைச்சரானவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினரானால் போதும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. பதவியேற்றுவிட்டு ஒரு இடைத்தேர்தலில் நின்றிருக்கலாம். அவர் வென்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

152 எப்படி 200 ஆனது?

1952 ஜூலை 3-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 151. மூன்றே மாதத்தில் நடந்த வேலை இது.

முதல் கல் வட தமிழகத்தின் இரண்டு கட்சிகள். எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி, இரண்டும் ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்து வன்னியர் சமூகத்தை அடித்தளமாகக் கொண்டவை. மாணிக்கவேலு நாயக்கர் நேராக அமைச்சரவைக்கு வந்து வருவாய்த்துறையை எடுத்துக்கொண்டார். படையாட்சி பதவி வாங்காமல் வெளியிலிருந்து ஆதரித்தார். முஸ்லிம் லீக்கின் 5 பேரும் ஆதரவு தந்தார்கள். கூட்டிப் பாருங்கள்: 152, 19, 6, 5, மொத்தம் 182. இன்னும் ஆறு குறைகிறது. சுயேச்சைகள் பக்கம் திரும்பினார்கள். சுயேச்சையாக வென்ற ராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி அமைச்சரானார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஆனால் ஆள் பிடித்தது மட்டும் கதை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. ஜூன் மாதம் ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார், ரேஷனையும் நிறுத்தினார். பெரிய துணிச்சல் அது, தவறிப் போயிருந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று சொல்லியே ஆட்சியைக் கவிழ்த்திருப்பார்கள். தவறவில்லை, கடையில் அரிசி வந்தது. வாக்கெடுப்பு நாளில் ஊசலாடிக் கொண்டிருந்த உறுப்பினர் ஒருவருக்கு, தன் தொகுதியில் போய்ச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. யாரையாவது உங்கள் பக்கம் வரச் சொன்னால், அவர் தன் ஊருக்குத் திரும்பிப்போய் என்ன சொல்வார் என்பதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ராஜாஜி அதை யோசித்தார்.

அந்த இரண்டு கட்சிகளும் திமுக ஆதரவில் ஜெயித்தவை என்கிறார்களே?

ஆமாம். திமுக 1952-ல் நேரடியாக நிற்கவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாக எழுதிக் கொடுத்த வேட்பாளர்களுக்கு வேலை செய்தது, இந்த இரண்டு கட்சிகளின் வேட்பாளர்களும் அதில் உண்டு. அவர்கள் காங்கிரஸை ஆதரித்தபோது அண்ணாவின் தொண்டர்களுக்கு வயிறு எரிந்தது, எரியாமல் என்ன செய்யும்? வேறு கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பதில் பயன் இல்லை, நம் ஆள்தான் சபைக்குள் உட்கார வேண்டும் என்று அவர்கள் யோசித்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. 1957-ல் திமுக தானே களத்தில் இறங்கியது.

அதே நேரம், படையாட்சியையும் நாயக்கரையும் வெறும் விலைபோனவர்கள் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அதிகாரத்தில் பங்கே கிடைக்காத ஒரு உழைக்கும் சமூகம், அந்தப் பங்கைக் கேட்டுத்தான் கட்சி கட்டியது. ஆட்சியில் இடம் கிடைக்கும்போது அதை வாங்காமல் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? கொடுத்த வாக்கை மீறினார்கள் என்பது குற்றம், அதைச் சொல்லுங்கள். ஆனால் அவர்களுடைய காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கம்யூனிஸ்டுகளோடு எந்தச் சமரசமும் இல்லையா?

வாயால் இல்லை. கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே வெளிப்படையாக அறிவித்தவர் ராஜாஜி. ஆனால் காகிதத்தில் வேறு விதமாக நடந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் கம்யூனிஸ்டுகளின் பின்னால் திரண்டிருந்தார்கள். 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடி செய்பவருக்கு. நிலச்சொந்தக்காரர்களான மிராசுதார்கள் கொதித்தார்கள், அவர்களில் நிறையப் பேர் காங்கிரஸ்காரர்கள்.

எனக்கு ராஜாஜியின் ஆட்சியில் மிகப் பிடித்த காரியம் இதுதான். எதிராளியின் கோரிக்கையில் நியாயமான பகுதியை எடுத்துச் சட்டமாக்கினார், தன் கட்சியின் பணக்காரர்களைப் பகைத்துக்கொண்டே செய்தார்.

அப்படியென்றால் எங்கே சறுக்கினார்?

வெளியாரிடம் பேரம் பேசத் தெரிந்தவர், சொந்தக் கட்சியிடம் கலந்து பேசவில்லை. 1953-ல் வந்த தொடக்கக் கல்வித் திட்டம்தான் அந்த இடம், மக்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்த திட்டம். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு வேளை மட்டும் படிப்பு, மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பா செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே பள்ளியில் இரண்டு முறை நடத்தினால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது கணக்கு. கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்பதை இந்த ஊரில் எது முடிவு செய்கிறது? மலம் அள்ளுபவரின் பிள்ளை மதியம் போய் என்ன கற்றுக்கொள்ளும்? பெரியாரும் திமுகவும் எழுப்பிய இந்தக் கேள்விக்குக் கடைசி வரை அவரிடம் பதில் இல்லை.

கட்சியில் விவாதிக்காமல், சட்டமன்றத்திலும் முன்கூட்டிப் பேசாமல், நிர்வாக முடிவாகவே கொண்டுவந்தார். ஜூலையில் இந்தத் திட்டத்தையும் எதிர்த்துத் திமுகவின் மும்முனைப் போராட்டம் வெடித்தது. அந்த மாதக் கடைசியில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடச் சொல்லும் தீர்மானத்துக்கு 138 பேர் ஆதரவு, 138 பேர் எதிர்ப்பு. சமமாக விழுந்ததால் தீர்மானம் நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் அனுப்பச் சொல்லும் இன்னொரு தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. ஒரு வருடம் முன்பு 49 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர்! பின்னால் வந்த பாருலேகர் குழு திட்டம் சரி என்றே சொன்னது. அதற்குள் அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர்களுக்கே ஊருக்குள் போக முடியாத நிலை. முன்பு சொன்னேனே, உறுப்பினர் ஊரில் போய் என்ன சொல்வார் என்று. அதை இந்த முறை அவர் யோசிக்கவில்லை.

ஆந்திரா பிரிந்தது அவருக்கு நல்லதுதானே, கம்யூனிஸ்டுகள் குறைந்தார்களே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ல் இறந்தார், அதன் பின் 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் தனி மாநிலமானது. சென்னை சட்டமன்றம் 230 இடமாகச் சுருங்கியது. தேர்தல் கணக்கை மட்டும் வைத்தாலே காங்கிரஸுக்கு 109, அதோடு படையாட்சி, நாயக்கர் ஆட்களைச் சேர்த்தால் பெரும்பான்மை கையில்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ராஜாஜியை முதல்வர் நாற்காலியில் பிடித்து வைத்திருந்ததே சபை உடைந்து கிடந்த நிலைமைதான். அவரை எடுத்தால் ஆட்சி கவிழும், கம்யூனிஸ்டுகள் வருவார்கள் என்ற பயத்தில் கட்சி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. பயம் நீங்கியது, பல்லைக் கடிக்கும் அவசியமும் நீங்கியது. வரதராஜுலு நாயுடு போன்றவர்கள் கட்சிக்குள் கையெழுத்து வேட்டையே ஆரம்பித்தார்கள். நல்ல நாளில் தன் பின்னால் நிற்க ஒரு கூட்டத்தை ராஜாஜி கட்சிக்குள் கட்டி வைக்கவில்லை, காமராஜரிடம் அது கிராமக் கமிட்டி வரைக்கும் இருந்தது. 1954 மார்ச்சில் உடல்நிலையைக் காரணம் சொல்லி ராஜாஜி விலகினார்.

காமராஜர் என்ன மாற்றிச் செய்தார்?

அடுத்த முதல்வர் யார் என்று முடிவு செய்யும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் ராஜாஜி தரப்பு சி. சுப்பிரமணியத்தை நிறுத்தியது. காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13-ல் பதவியேற்ற அமைச்சரவையில் மொத்தமே 8 பேர், அந்த எட்டில் தோற்ற சுப்பிரமணியமும் இருந்தார், அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். ராமசாமி படையாட்சியை வெளியிலிருந்து உள்ளே கொண்டு வந்தார். மாணிக்கவேலு நாயக்கரும் சேதுபதியும் தொடர்ந்தார்கள்.

அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். மேலவை வழி திறந்தே இருந்தது, போகவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். கம்யூனிஸ்டுகள் எதிர்த்து நின்றார்கள், பெரியாரும் திமுகவும் காமராஜருக்கு ஆதரவு. ஜெயித்துச் சட்டமன்றத்துக்கு வந்தார்.

மே மாதம் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், அந்தத் திட்டத்துக்கு ஆதரவாக நின்ற ராஜாஜியின் ஆள். காமராஜர் தானே அறிவித்துப் பெயர் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அதனால் தோற்ற கோஷ்டிக்கு அவமானம் இல்லாமல் போயிற்று, கட்சி உடையவில்லை.

கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்போதே இருந்திருந்தால்?

அது 1985-ல்தான் வந்தது. இருந்திருந்தாலும் ஒரு கட்சி முழுதாக இன்னொரு கட்சியை ஆதரிப்பதை அது தடுக்காது, ஆக உழைப்பாளர் கட்சி, காமன்வீல் ஆதரவு அப்படியே நின்றிருக்கும். சுயேச்சைகள் மட்டும் மாட்டியிருப்பார்கள். ஆதரிக்கலாம், கட்சியில் சேர்ந்தால் பதவி போகும்.

பிரகாசம் என்ன ஆனார்?

1952-ல் அவர் வரக் கூடாது என்று காங்கிரஸ் இத்தனை பாடுபட்டது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, அங்கேயும் பெரும்பான்மை இல்லாத காங்கிரஸ், அதே பிரகாசத்தை முதல் முதல்வராக ஏற்றுக்கொண்டது. ஓராண்டு சொச்சம்தான் நீடித்தது, 1954 நவம்பரில் மதுவிலக்குப் பிரச்சினையில் ஒரே ஓட்டில் கவிழ்ந்தது.

ராஜாஜி?

1957-ல் காங்கிரஸிலிருந்து விலகி, 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் காமராஜரின் காங்கிரஸை எதிர்த்துத் திமுகவோடு கூட்டணி வைத்தார். 1953-ல் அவர் வீட்டு முன்னால் மறியல் செய்து சிறைக்குப் போன தொண்டர்கள், பதினான்கு வருடம் கழித்து அவர் கூட்டத்துக்கு மேடை கட்டினார்கள்.